மார்கழி வாசலுக்கு மேடும் வேணும், இருட்டும் வேணும்



கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் எந்தத் தெருவுக்குள்ள போனாலும் இப்போ ரெண்டு வகை வீடு கண்ணில் படுது. ஒண்ணு, காம்பவுண்டு சுவர் வரைக்கும் சிமென்ட் போட்டு, நாலு தொட்டியில் குரோட்டன்ஸ் வெச்ச வீடு. இன்னொண்ணு, ஐப்பசி பிறந்ததும் கணுக்கால் சேறாகி, தை வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்காத வீடு. சிமென்ட் போட்டவரைக் கேட்டால், "மழைக்காலத்துல சேறுங்க, அதான்" என்கிறார். சேற்று வீட்டுக்காரரைக் கேட்டால், "காசு வரட்டும், நாமளும் சிமென்ட் போட்டுடலாம்னு இருக்கேன்" என்கிறார்.

இந்தப் பகுதியில் தொழிற்பேட்டைக்கும் மனைக்கும் போனது போக, பல குடும்பங்களுக்கு மிச்சம் இருக்கிறது வீட்டைச் சுற்றியுள்ள மூணு சென்ட், அஞ்சு சென்ட்தான். அதுதான் அவங்க கையில் இருக்கிற கடைசி வயல். அதையும் சிமென்ட் மூடிவிட்டால் அவரை விதையும், மஞ்சள் கிழங்கும், பரங்கிக் கொடியும் வைக்க இடமே இருக்காது. அதனால் குளிர்காலத்தில் வீட்டைச் சுற்றி அழகாக வைத்துக்கொள்வது எப்படி என்பதை இந்த முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். வாசல் அழகாக இருந்தால் அந்த மண்ணை யாரும் மூட மாட்டார்கள்.

நம்ம ஊர்க் குளிர்காலம் எப்படிப்பட்டது?

குளிர் நாடுகளில் குளிர்காலம் என்றால் இலை உதிர்ந்த மரம், உறைந்த மண். அங்கே எழுதப்படும் தோட்டப் புத்தகங்கள் பட்டையின் நிறத்தையும், பசுமை மாறாத ஊசியிலை மரத்தையும் பற்றிப் பேசும். நமக்கு அது பொருந்தாது. திருவள்ளூர் மாவட்டத்தில் குளிர்காலம் ரெண்டு பாதியாக வருது.

முதல் பாதி ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த நாட்களில்தான் கொட்டுது. 2015 மழை, 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் எல்லாமே இந்தப் பருவத்தில் வந்தவை.

ரெண்டாம் பாதி மார்கழி, தை. மழை ஓய்ந்து பனி இறங்கும். வெயில் சுடாது, இரவு குளிர்ச்சியாக இருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும். செடிக்கு இதைவிட நல்ல காலம் நம்ம ஊரில் கிடையாது.

இந்த ரெண்டு பாதியிலும் செடியின் தலையெழுத்தை முடிவு செய்கிறவை ரெண்டு. ஒண்ணு, வேரடியில் தேங்கும் தண்ணி. இன்னொண்ணு, இரவின் நீளம். முதலாவது எல்லோருக்கும் தெரியும். ரெண்டாவதைத் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கிறவங்க அவசியம் தெரிஞ்சுக்கணும். ரெண்டையும் கவனிச்சா, நர்சரியில் காசு கொடுத்து வாங்காமலே மார்கழி வாசல் பூத்துக் குலுங்கும்.

முதல் பாடம்: மேடு

மழைக்காலத்தில் செத்துப்போகும் வீட்டுச் செடிகளில் பெரும்பாலானவை மழையால் சாகிறதில்லை. மழைத் தண்ணி போக வழியில்லாமல் வேர் மூச்சுத் திணறிச் சாகின்றன. சாமந்தி, கனகாம்பரம், துலுக்கச் சாமந்தி, கத்தரி எல்லாம் ரெண்டு நாள் தண்ணியில் நின்றாலே வாடிவிடும். அப்போது இலை தொங்குவதைப் பார்த்து "தண்ணி பத்தலையோ" என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுபவர்களும் உண்டு.

புரட்டாசியிலேயே இந்த வேலைகளை முடிச்சிடணும்.

வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கிச் சரிவு இருக்கட்டும். 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு போதும். ஒரு டியூபில் தண்ணி நிரப்பிக் கொத்தனார் மட்டம் பார்ப்பது போல நாமே பார்த்துக்கலாம்.

கோலம் போடுகிற இடத்தை அரை அடி உயர்த்தி, கிராவல் கொட்டி, மேலே செம்மண் பரப்பித் தண்ணி தெளித்து நல்லா அடிச்சுக் கெட்டிக்கணும். சாணி தெளித்து மெழுக மெழுக அது இறுகிவிடும். சேறு என்ற புகாருக்கு இதுவே பாதி மருந்து. சிமென்ட் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

பூச்செடிக்கும் கீரைக்கும் 3 அடி அகலம், 1 அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி. ரெண்டு பாத்திக்கு நடுவே 1 அடி வாய்க்கால். களிமண் உள்ள ஊர்களில் உயரத்தைக் குறைக்கக் கூடாது. கடலோர மணல் பகுதியில் முக்கால் அடி போதும்; ஆனால் மணலில் மழையோடு சத்தும் கீழே இறங்கிவிடும். அதனால் மட்கிய தொழு உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், ரெண்டு மூணு தவணையாகப் போடுங்க.

வாய்க்கால் எல்லாம் சேர்ந்து வீட்டின் பள்ளமான மூலைக்குப் போகட்டும். அந்த மூலையை மண் போட்டு நிரப்பாதீங்க. அங்கே கல்வாழை, சேப்பங்கிழங்கு, வசம்பு நடுங்க. ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் படர விடுங்க. கல்வாழையின் சிவப்பு, மஞ்சள் பூவும், சேம்பின் அகன்ற இலையில் உருளும் மழைத்துளியும் சேர்ந்து, அசிங்கமாகக் கிடந்த மூலைதான் வீட்டிலேயே அழகான மூலையாகும். சமையலறைத் தண்ணியையும் இங்கேயே விடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணி தேங்கி நிற்கக் கூடாது, மண் உறிஞ்சணும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுங்க.

கூரைத் தண்ணிக் கணக்கையும் பார்த்துக்கலாம். 600 சதுர அடி மாடி ஏறக்குறைய 56 சதுர மீட்டர். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,600 லிட்டர் தண்ணி. ஒரே புயலில் அவ்வளவு இறங்கும். அது வாசலில் விழுந்தால் சேறு. குழாய் வைத்துப் பாத்தி வாய்க்காலுக்கும், மிச்சத்தைக் கிணற்றோர உறிஞ்சுகுழிக்கும் திருப்பினால் சொத்து. மீஞ்சூர் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடி நீருக்குள் புகுந்த கதை பல பத்தாண்டுகளாக நமக்குத் தெரிந்ததுதான். போர் தண்ணி உப்பாக உள்ள வீடுகளில், கோடையெல்லாம் பாத்தியில் சேர்ந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்குவது இந்தக் கூரைத் தண்ணிதான். அவரை, பீன்ஸ் குடும்பம் உப்பைத் தாங்காது. அந்தப் பாத்திக்கு முதல் பங்கு கொடுங்க.

ரெண்டாம் பாடம்: இருட்டு

என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது சுலபமாகப் புரியும்.

புழக்கடையில் 12 அடி நீளத்துக்குச் சவுக்குக் கம்பில் பந்தல் போட்டு, ஆடியில் கொடி அவரை விதைத்திருந்தேன். அம்மா கை மாற்றிக் கொடுத்த விதை, பட்டை அவரை. கார்த்திகைக் கடைசியில் பந்தலின் மேற்குப் பாதி ஊதாப் பூவாகச் சரம் சரமாக நிமிர்ந்தது. கிழக்குப் பாதியில் கையளவு இலைதான். ஒரு மொட்டுகூட இல்லை. ஒரே விதை, ஒரே எரு, ஒரே தண்ணி. "விதை கலந்துபோச்சு, இந்தக் கொடியை அறுத்துப் போட்டுடலாம்" என்று அரிவாளை எடுத்துவிட்டேன்.

அம்மா தடுத்தார். ராத்திரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிழக்குப் பக்கம் ஒரு கம்பெனிக் காம்பவுண்டில் புதுசாகப் போட்ட விளக்கின் வெளிச்சம், பந்தலில் சரியாகப் பாதி வரைக்கும் விழுந்துகொண்டிருந்தது. "ராத்திரிகூடத் தூங்க விடாம வெளிச்சம் அடிச்சா, அது எப்படா பூக்கும்?" என்றார்.

பழைய பேனர் துணி ரெண்டைச் சேர்த்துத் தைத்து, அந்தப் பக்கம் திரை கட்டினோம். ஒரு மாசம் போல ஆனது. பொங்கலுக்குக் காய் வரவில்லை. ஆனால் கொடியில் மொட்டு வந்தது, மாசியில் காயும் வந்தது. விதையும் தப்பிச்சது.

அம்மா சொன்னதற்கு அறிவியலும் சாட்சி சொல்லுது. 1920ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற ரெண்டு பேர், ஒரு புகையிலை ரகம் கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போவதையும், பகல் குறைந்த பிறகே பூப்பதையும் ஆராய்ந்து, செடிகள் பகலின் நீளத்தை அளக்கின்றன என்று வெளியிட்டார்கள். 1938இல் ஹேம்னர், போனர் என்ற இருவர் இன்னொரு படி போனார்கள். நம்ம வேட்டியிலும் ஆட்டு ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும் முள்ளுக்காய்ச் செடியின் இனத்தை வைத்துச் சோதித்ததில், செடி அளப்பது உண்மையில் இரவைத்தான் என்று தெரிந்தது. நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாலே அது பூக்க மறுத்தது. இலையில் உள்ள ஒரு நிறமிப் பொருள்தான் இந்த வெளிச்சத்தை உணர்கிறது.

நம்ம ஊரில் ஆனி மாசத்துப் பகல் 12 மணி 50 நிமிடத்துக்கு மேலே போகும். மார்கழியில் அது சுமார் 11 மணி 20 நிமிடமாகக் குறையும். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது பெரிசாத் தெரியாது. அவரைக்குத் தெரியும், சாமந்திக்குத் தெரியும். பழைய சம்பா நெல் ரகங்கள் பலவும் இந்தக் கணக்கில்தான் கதிர் வாங்குகின்றன. கொஞ்சம் முன்னே பின்னே நாற்று விட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கதிர் வருவதை நெல் போட்டவங்க எல்லோரும் பார்த்திருப்பீங்க.

சாமந்தி பயிரிடுகிற பெரிய பண்ணைகளில் பூ வருவதைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் ராத்திரியில் வேண்டுமென்றே விளக்குப் போடுவார்கள். அவங்க காசு கொடுத்துச் செய்வதை, நம்ம வீட்டில் தெருவிளக்கும் காம்பவுண்டு விளக்கும் இலவசமாகச் செய்துவிடுது. அப்புறம் "நாட்டு விதை காய்க்கவே மாட்டேங்குது" என்று சொல்லிக் கொடியை அறுத்து, அடுத்த ஆண்டு பாக்கெட் விதை வாங்குகிறோம். தலைமுறையாக வந்த விதை இப்படித்தான் ஒரு விளக்குக் கம்பத்தடியில் காணாமல் போகுது. விதை மேல பழி போடறதுக்கு முன்னாடி, ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவை வீட்டைச் சுற்றி வாங்க. எந்த இடத்தில் நின்றால் உங்க நிழல் தரையில் தெளிவாக விழுதோ, அது வெளிச்சப் பகுதி. நிழல் விழாத இடம் இருட்டுப் பகுதி. ஒரு தாளில் வரைந்து வெச்சுக்கோங்க. அதுதான் உங்க தோட்டத்தின் வரைபடம்.

இருட்டுப் பகுதிக்கு: கொடி அவரை, மொச்சை, சாமந்தி.

வெளிச்சப் பகுதிக்கு: செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, சங்குப்பூ, குத்து அவரை. குத்து அவரை ரகங்கள் பகல் நீளத்தைப் பெரிசாகப் பார்க்காமல் எல்லாப் பருவத்திலும் காய்க்கும். துலுக்கச் சாமந்தியும் ஓரளவு தாங்கும்.

விளக்கை அடியோடு அணைக்கச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் பாம்பு நடமாட்டம் அதிகம். ரெண்டாம் ஷிப்ட் முடிஞ்சு நடு ராத்திரியில் வீடு திரும்புகிற பெண்களும் இருக்காங்க. நடைபாதைக்கு விளக்கு வேணும். ஆனால் அது பாதைக்கு மட்டும் விழட்டும். விளக்கின் மேலும் பக்கத்திலும் ஒரு தகரத் தடுப்பு வைத்தால் போதும். நம்ம கையில் இல்லாத விளக்கானால், திரை கட்டுங்க, இல்லை செடியை இடம் மாற்றுங்க. கார்த்திகை தீபத்துக்கு ஏற்றும் அகல் விளக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது சாயங்காலம் கொஞ்ச நேரம் எரிஞ்சு அணையும். அதற்குப் பிறகும் இரவு நீளமாகத்தான் இருக்கும்.

வாசல் பக்கம் என்ன வைக்கலாம்?

பரங்கி: மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணி உருண்டையில் செருகுகிற மஞ்சள் பூ பரங்கிப் பூதான். புரட்டாசிக் கடைசியில் உயரமான மேட்டில் விதை ஊன்றினால், 40 நாளுக்கு மேல் ஆண் பூ வர ஆரம்பிக்கும். கொடியைத் தரையில் விடாமல் மாட்டுக் கொட்டகைக் கூரையிலோ, விறகுப் பந்தலிலோ ஏற்றினால் ஈரத்தில் அழுகாது. பூ பறிக்கும்போது ஒரு விஷயம். மெல்லிய நீளக் காம்போடு இருப்பது ஆண் பூ. காம்பு தடிமனாக, பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருப்பது பெண் பூ. கோலத்துக்கு ஆண் பூவை மட்டும் பறிங்க. அதிலும் நாலைந்தைத் தேனீக்காகக் கொடியிலேயே விடுங்க. பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். மகரந்தம் சேருவதெல்லாம் காலையில்தான். வாசலில் வைத்த சாணி உருண்டையைத் தூக்கி எறியாமல் வரட்டியாகத் தட்டிக் காய வையுங்க. பொங்கல் அடுப்புக்கு உதவும்.

சாமந்தி: பழைய தூரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து ஆனி, ஆடியில் நடணும். மழை நேரடியாகப் பூவில் விழுந்தால் அழுகும். அதனால் கூரை ஓரம், மேட்டுப்பாத்தி, இருட்டு மூலை மூன்றும் சேரும் இடமாகப் பாருங்க.

துலுக்கச் சாமந்தி: நாற்றிலிருந்து ரெண்டு மாசத்துக்குள் பூக்கும். ஐப்பசி முதல் வாரம் நட்டால் மார்கழியிலிருந்து பொங்கல் மாலை வரைக்கும் பறிக்கலாம். வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைப்பதால், இதை எடுத்த பாத்தியில் அடுத்து கத்தரியோ வெண்டையோ போடலாம்.

டிசம்பர் பூ: ஊதா, வெள்ளை, ரோஸ் நிறங்களில் கிடைக்கும். முற்றிய குச்சியை ஒடிச்சு ஊன்றினால் வேர் பிடிக்கும். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கலாம். பாதையின் ரெண்டு பக்கமும் வரிசையாக வைத்தால் கார்த்திகை, மார்கழியில் வேறு அலங்காரமே வேண்டாம்.

மல்லி: குளிர்காலம் மல்லிக்கு ஓய்வு. பூ இல்லையே என்று எரு போட்டுத் துரத்தாதீங்க. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்துச் செய்து, காய்ந்த குச்சி, பழைய இலை எல்லாம் எடுத்து, தூரைச் சுற்றிக் கொத்தி விடுங்க. பங்குனி, சித்திரைப் பூ இந்த வெட்டில்தான் இருக்கு.

புழக்கடையும் அழகுதான்

அழகுக்கு ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டாம். மூணு சென்ட்டில் அதுக்கு இடமும் இல்லை. ஊதாப் பூச்சரம் தொங்குகிற அவரைப் பந்தலைவிட அழகான பந்தல் எந்த நர்சரியிலும் விற்கலை. பந்தல் கால்களை 2 அடி ஆழத்தில் புதைத்துக் கட்டுங்க. கார்த்திகைப் புயலில் முதலில் சாய்வது மேலோட்டமாக ஊன்றிய பந்தல்தான். வீட்டை ஒட்டி நீண்டு வளர்ந்த முருங்கைக் கிளைகளையும் புரட்டாசியிலேயே கழித்துவிடுங்க.

பந்தலின் ஓரத்தில் அரை நிழலில் மஞ்சள் பத்துத் தூர் வையுங்க. ஆனி, ஆடியில் நட்டால் பொங்கல் பானையில் கட்டும்போது இலை பச்சையாக இருக்கும். கடையில் ஒரு கொத்து வாங்குகிற காசு மிச்சம், கிழங்கும் நம்மது.

கனமழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியிலிருந்து கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, சிறுகீரை விதைக்கலாம். கொத்தமல்லி விதையைத் தேய்த்து ரெண்டாக உடைத்து விதைக்கணும். ஒரே நாளில் எல்லாம் விதைக்காமல், பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் தை முடிய வீடு பச்சையாக இருக்கும். பாத்தியின் ஓரம் முள்ளங்கி, நடுவில் கொத்தமல்லி என்று வைத்துப் பாருங்க. பார்க்கவும் நல்லாயிருக்கும், களையும் குறையும்.

மூடாக்கு விஷயத்தில் ஒரு திருத்தம். கோடையில் போடுவது போல மழைக்காலத்தில் வைக்கோலைத் தண்டை ஒட்டிக் கனமாகப் போட்டால் தண்டு அழுகும், நத்தை குடியேறும். ஐப்பசி, கார்த்திகையில் மெல்லிசாக, தண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போடுங்க. மார்கழி நடுவில் மழை விட்ட பிறகு கனமாக மூடுங்க. அந்த ஈரம் மாசி வரைக்கும் நிற்கும்.

வேலியும் தூசியும்

தொழிற்சாலை, லாரிப் பாதை பக்கத்தில் வீடு இருந்தால் குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை. ஐப்பசி முதல் தை வரை காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். விடியற்காலையில் காற்று அசையாமல் நிற்கிறபோது புகையும் தூசியும் மேலே போகாமல் பனியோடு தாழ்வாகத் தங்கும். அதனால் வடக்கு, கிழக்கு எல்லையில் உயிர்வேலி அடர்த்தியாக இருக்கணும். நொச்சி, ஆடாதோடை ரெண்டும் குச்சி ஊன்றினாலே வரும். ஐப்பசி மழை அதற்கு நல்ல நேரம். ஆடு மாடு மேயாது. இலை பூச்சிவிரட்டிக்கும் ஆகும். கீரைப் பாத்தியை ரோட்டை ஒட்டிப் போடாமல், வேலிக்கும் வீட்டுக்கும் உட்புறமாகப் போடுங்க. பறித்த கீரையை மூணு தண்ணியில் அலசுங்க.

"சும்மா கிடைக்குது" என்று கம்பெனிச் சாம்பல், கசடு, கழிவு மண் எதையும் மேடு உயர்த்தக் கொண்டுவராதீங்க. அதில் என்ன உலோகம் இருக்குன்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு தடவை மண்ணில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்கவும் முடியாது. மண், தண்ணிப் பரிசோதனைக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

பனிக்காலப் பூச்சி, நோய்

மார்கழிப் பனியில் அவரைப் பூங்கொத்தில் கறுப்பு அசுவினி அப்பும். விடியலில் பனி ஈரம் இருக்கும்போதே சலித்த விறகுச் சாம்பலைத் தூவுங்க, ஒட்டிக்கொள்ளும். பொறிவண்டு வந்துவிட்டால் மேற்கொண்டு எதையும் தூவாதீங்க, அது பார்த்துக்கொள்ளும். பரங்கி இலையில் வெள்ளைப் பொடி பூத்தது போலச் சாம்பல் நோய் வந்தால், 1 லிட்டர் புளித்த மோரை 10 லிட்டர் தண்ணியில் கலந்து தெளிங்க. பூக்கும் முன் ஒரு தடவை பஞ்சகவ்யா, 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி. தண்ணி ஊற்றுவதும், இலையில் படிந்த தூசியைக் கழுவுவதும் காலையில் இருக்கட்டும். சாயங்காலம் நனைத்த இலை பனியோடு சேர்ந்து விடிய விடிய ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

மாத வாரியாக

- ஆனி, ஆடி: கொடி அவரை, மொச்சை விதைப்பு, மஞ்சள், சாமந்திக் கன்று நடவு.
- ஆவணி: இரவு வெளிச்ச வரைபடம், பந்தல் போடுதல்.
- புரட்டாசி: சரிவு, வாய்க்கால், மேட்டுப்பாத்தி, முருங்கைக் கவாத்து, கடைசியில் பரங்கி விதைப்பு, விளக்குக்குத் தடுப்பு.
- ஐப்பசி: துலுக்கச் சாமந்தி நடவு; நொச்சி, ஆடாதோடைக் குச்சி ஊன்றல்; பள்ள மூலையில் கல்வாழை, சேம்பு.
- கார்த்திகை: வடிகால் பார்வை, மல்லிக் கவாத்து, கடைசியில் கீரை முதல் பாத்தி.
- மார்கழி: கோலத்துக்குப் பரங்கி ஆண் பூ, அசுவினிக்குச் சாம்பல், மழை விட்டதும் கனத்த மூடாக்கு.
- தை: அறுவடை, விதைத் தேர்வு.

போகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டைச் சுற்றிக் கூட்டிய சருகு, மல்லிக் கவாத்துக் குச்சி, காய்ந்த கொடி எல்லாம் அன்று நெருப்புக்குப் போகுது. டயரும் பிளாஸ்டிக்கும் கூடச் சேர்ந்தால், பனியில் புகை தங்கி விடியலில் எதிரே வருகிற ஆள் தெரியாது. சருகை மட்கு குழிக்குக் கொண்டுபோங்க. அடுத்த ஆடிக்கு அவரைக் குழியில் போட எரு அதுதான்.

கடைசியாக, தை அறுவடையில் ஆசைப்பட்டு எல்லாக் காயையும் பறிச்சிடாதீங்க. நல்லாப் பூத்துக் காய்த்த கொடியில், நடுப்பகுதியில், பூச்சி இல்லாத பத்துக் காய்களுக்கு ஒரு நூல் கட்டி விடுங்க. கொடியிலேயே காய்ந்து சலசலக்கிற வரைக்கும் விட்டு, உரித்து, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி டப்பாவில் போடுங்க. டப்பா மேல ரகத்தின் பேரையும், "இருட்டில் வை" என்றும் எழுதி ஒட்டுங்க. அடுத்த வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொடுக்கும்போது அந்த ரெண்டு வார்த்தையையும் சேர்த்துக் கொடுங்க. இல்லைன்னா அவங்களும் விளக்குக் கம்பத்தடியில் ஊன்றிவிட்டு, என்னைப் போலவே அரிவாளைத் தேடுவாங்க.